மேசைமேல் இரயில், சுற்றிலும் பேச்சு

இலண்டன் மாநகரில் கிங்ஸ் கிராஸ் இரயில் நிலையத்துக்கு அருகே 'கீன் இல்லம்' என்னும் எளிய கட்டடம் ஒன்று உண்டு. 1910-ஆம் ஆண்டில் தோன்றிய மாதிரி இரயில் சங்கத்தார் 1960-ஆம் ஆண்டு முதல் அதனைத் தம் வீடாகக் கொண்டுள்ளனர். வாரந்தோறும் ஒரு மாலை அங்கே கூடுகின்றனர். நரைத்த தலையினர் பலர், இளைஞர் சிலர். நடுவே நீண்ட மேசை. அதன்மேல் குன்றுகளும் பாலங்களும் கைகாட்டி மரங்களும் அமைந்த ஒரு சிற்றூர். அவ்வூரின் ஊடே ஒரு சாண் நீளமுள்ள எஞ்சின் ஒன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஊர்ந்து செல்கிறது. சுற்றி நிற்போர் கையில் தேநீர்க் கோப்பைகள். வாயில் பேச்சு.

இங்கிலாந்தில் இத்தகைய சங்கம் இல்லாத ஊரைக் காண்பது அரிது. எல்லாச் சங்கங்களுக்கும் சொந்தக் கட்டடம் வாய்ப்பதில்லை. கோவில் மன்றத்திலோ பள்ளிக்கூட அறையிலோ, ஏன், ஒருவர் வீட்டுப் பரணிலோ கூடினால் போதும். மேசை நாற்காலி சகிதம் கோவில் மன்றத்தை வாடகைக்கு எடுத்து, ஆண்டுக்கொரு முறை கண்காட்சியும் நடத்துவர்.

"வளர்ந்த ஆண்கள் பொம்மை இரயில் விட்டு விளையாடுவதைப் பற்றி ஒரு கட்டுரையா?" என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பொம்மை என்ற சொல்லைக் கேட்டால் அவர்களுக்கும் முகம் சுளிக்கும். நமக்கு இரயிலைவிட அதைச் சுற்றி நடக்கும் பேச்சில்தான் அதிக அக்கறை. ஆகவே அந்தப் பேச்சைச் சற்று ஒட்டுக்கேட்போம்.

"போன வாரம் வரை நன்றாக ஓடியது. இன்று சுரங்கத்துக்குள் போனது, வெளியே வரவில்லை."

"சக்கரத்தைத் துடைத்தீரா?"

"துடைத்தேன்."

"தண்டவாளத்தை?"

"துடைத்தேன்."

"சுரங்கத்துக்குள்?"

மௌனம்.

இந்த உரையாடல் ஏதோ ஒரு நாள் நடந்ததன்று. ஒவ்வொரு வாரமும் ஏதேனும் ஒரு மூலையில் நடந்துகொண்டேயிருப்பது. காரணம் எளிது. இந்தச் சிறு எஞ்சின்களுக்கு மின்விசை தண்டவாளத்தின் வழியாகவே வருகிறது. பன்னிரண்டு வோல்ட் அளவுள்ள மெல்லிய மின்னோட்டம் ஒரு தண்டவாளத்தில் ஏறி, சக்கரத்தின் வழியே மோட்டாருக்குள் சென்று, மறு தண்டவாளத்தில் இறங்க வேண்டும். சக்கரம் தொடும் இடமோ ஊசிமுனை அளவு. அதில் ஒரு துளித் தூசி, ஒரு சொட்டு எண்ணெய்ப் பசை படிந்தாலும் வண்டி நின்றுவிடும். ஆகவே தண்டவாளம் துடைப்பது எவ்வாறு என்பதே இவர்களுடைய முடிவில்லாத ஆராய்ச்சி. ரப்பர் கட்டியால் தேய்ப்பது ஒரு கட்சி. அது கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி மேலும் அழுக்கைச் சேர்க்கும், சாராயத்தில் நனைத்த துணியே சிறந்தது என்பது மறு கட்சி. (மருத்துவமனைச் சாராயத்தைச் சொல்கிறோம்; வேறெதையும் அன்று.)

கண்காட்சியில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் எஞ்சின் நின்றுவிட்டால் என்ன செய்வது? பின்னால் நிற்பவர் கையை நீட்டி ஒரு விரலால் மெல்லத் தள்ளிவிடுகிறார். பார்ப்போர் கண்ணுக்கு, சிற்றூரின் வானத்திலிருந்து ஒரு பெரிய கை இறங்கி வந்து வண்டியை நகர்த்திவிட்டு மறைகிறது. 'விண்ணிலிருந்து வரும் கை' என்று அதற்குத் தங்களுக்குள்ளே பெயர் வைத்துச் சிரித்துக்கொள்கின்றனர்.

சிரிப்பு இப்படியிருக்க, சண்டையும் உண்டு. அந்தச் சண்டையை விரிவாகச் சொல்ல வேண்டும். அதில்தான் சுவை இருக்கிறது.

மெய்யான ஆங்கிலேய இரயில் பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையேயுள்ள அகலம் 4 அடி 8½ அங்குலம். மாதிரி செய்வோர் பெரும்பாலும் ஓர் அடியை 4 மில்லிமீட்டராகச் சுருக்கிக்கொள்கின்றனர். அதாவது எல்லாப் பொருளும் ஏறத்தாழ எழுபத்தாறில் ஒரு பங்கு. அந்தக் கணக்கின்படி மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 18.83 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆனால் கடைகளில் விற்கும் தண்டவாளத்தின் அகலமோ 16.5 மில்லிமீட்டர். வேறுபாடு இரண்டேகால் மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஓர் அரிசி மணியின் பருமன்!

இந்தப் பிழை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்ற கணக்கு வழங்கிற்று. அதற்கு 16.5 மில்லிமீட்டர் தண்டவாளம் மிகச் சரியானது. ஆங்கிலேயர் உலகில் முதன்முதலாக இரயில் பாதை போட்டவர்கள் ஆதலால், அவர்களுடைய சுரங்கங்களும் பாலங்களும் தாழ்வாகவும் குறுகலாகவும் அமைந்துவிட்டன. எனவே அவர்களுடைய எஞ்சின்களும் ஐரோப்பிய எஞ்சின்களைவிடச் சிறியவை. அவற்றை ஐரோப்பியக் கணக்கில் சுருக்கியபோது, அக்காலத்து மோட்டார் உள்ளே நுழைய மறுத்தது. தயாரிப்பாளர்கள் ஒரு தந்திரம் செய்தனர்: தண்டவாளத்தை விட்டுவிட்டு, எஞ்சினின் உடலை மட்டும் சற்றுப் பெரிதாக்கினர். மோட்டார் நுழைந்தது, கணக்கு கெட்டது. இன்று மோட்டார்கள் எவ்வளவோ சிறுத்துவிட்டன. ஆனால் இலட்சக்கணக்கான வீடுகளில் பதிந்துவிட்ட தண்டவாளத்தை மாற்றுவது யார்?

இதன் பயனாக மூன்று கட்சிகள் உண்டாயின. முதற் கட்சியார், "கடையில் கிடைப்பது போதும், மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் யாருக்குத் தெரியும்?" என்பர். இரண்டாங் கட்சியார் சமரசவாதிகள். 18 மில்லிமீட்டருக்கு வந்து, பிறகு 18.2-க்கு நகர்ந்தனர். மூன்றாங் கட்சியார் கண்டிப்பானவர்கள்; 18.83-க்கு ஒரு நூல் குறைந்தாலும் ஒப்பார். தண்டவாளத்தைத் தம் கையாலேயே செய்வர். வாங்கிய எஞ்சினின் சக்கரங்களைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு சக்கரம் மாட்டுவர். எஞ்சினின் பக்கத் தகட்டில் உள்ள தறையாணிகளை எண்ணிப் பார்த்து, "மெய்யான எஞ்சினில் இரண்டு அதிகம்" என்று சொல்லக்கூடியவர்கள். 'ஆணி எண்ணிகள்' என்பது முதற் கட்சியார் அவர்களுக்குச் சூட்டிய பட்டம்.

மூன்றாங் கட்சி 1960-களில் தோன்றியது. முதலிரு கட்சிகளின் வழக்கு அதற்கும் முந்தியது. இன்றளவும் தீர்ப்பு இல்லை. ஆயினும் மூன்று கட்சியாரும் ஒரே சங்கத்தில் உறுப்பினர். ஒரே கெண்டியிலிருந்து தேநீர் ஊற்றிக்கொள்கின்றனர். நம் ஊர்களில் வரப்பு ஒரு சாண் நகர்ந்ததற்காக மூன்று தலைமுறையாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி குடும்பங்களை நாம் அறிவோம். ஒரே பங்கில், ஒரே திருவிழாவில், தேரின் எந்த வடத்தை யார் பிடிப்பது என்ற வழக்கில் முகம் திருப்பிக்கொண்டவர்களையும் அறிவோம். ஆகவே இந்த இரண்டேகால் மில்லிமீட்டர் வழக்கு எப்படிக் கசப்பில்லாமல் நடக்கிறது என்று சற்று ஆர்வத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு காரணம் கண்ணில் படுகிறது. இவர்களிடையே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. 'முதல் விதி' என்று அதைச் சொல்வர். அந்த விதி இதுதான்: "இது என் இரயில்." 1930-இல் ஓடிய எஞ்சினையும் 1980-இல் ஓடிய எஞ்சினையும் ஒருவர் ஒரே பாதையில் விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சரித்திரம் அறிந்தவர் திடுக்கிடுவார்; வாய்திறந்து காரணமும் கேட்பார். "முதல் விதி" என்று பதில் வந்தவுடன் பேச்சு அங்கே நின்றுவிட வேண்டும். பிறர் சங்கதியில் கருத்துச் சொல்லலாம், தீர்ப்புச் சொல்லலாகாது என்னும் இந்த நுட்பத்தை மாமியார் மருமகள் வாழும் வீடுகளில் கற்றுக்கொடுக்க ஆளில்லையே என்று நமக்கு ஒரு பெருமூச்சு.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இக்கூட்டங்களில் பெண்கள் மிகக் குறைவு. கண்காட்சியில் தேநீரும் கேக்கும் விற்கும் மேசைக்குப் பின்னால் மட்டுமே அவர்களைக் காண்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. இப்பொழுது சற்று மாறி வருகிறது. இந்தக் குறையை அறிந்தோ என்னவோ, அவர்களே தங்களைக் கேலி செய்து ஒரு வேடிக்கை சொல்வதுண்டு. இன்று புது எஞ்சின் ஒன்று நூறு பவுனுக்கு மேல், சில வேளை இருநூறுக்கும் மேல் விற்கிறது. "நான் செத்த பிறகு, என் எஞ்சின்களையெல்லாம், நான் அவளிடம் சொன்ன விலைக்கே என் மனைவி விற்றுவிடுவாளோ என்பதுதான் என் அச்சம்" என்பது அந்த வேடிக்கை.

இந்தப் பித்துப் பிடித்தவர்களுள் குருமார் பலர் உண்டு என்பது நம் வாசகர்களுக்கு வியப்பாயிருக்கலாம். அவர்கள் நம் சபையினர் அல்லர். ஆங்கிலிக்கன் சபைக் குருக்கள். பங்கு இல்லத்தில் காலி அறைகள் உண்டு, மாலை வேளையில் எப்பொழுது அழைப்பு வரும் என்று தெரியாது, வெளியே செலவழிக்கப் பணமும் இல்லை. இவை மூன்றும் கூடினால் மனிதர் வேறென்ன செய்வார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

அவர்களுள் பெயர்பெற்றவர் வில்பர்ட் ஆட்ரி என்பவர். தட்டம்மை கண்டு படுத்திருந்த தம் சிறு மகன் கிறிஸ்டபருக்கு எஞ்சின்களைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். 1945-இல் அது முதற் புத்தகமாயிற்று. 'தாமஸ்' என்னும் நீல எஞ்சினை இன்று நம் வீட்டுக் குழந்தைகளும் தொலைக்காட்சியில் அறிவர். கதை வளர வளர, எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்தப் பாதை என்று பிள்ளைகள் குறுக்குக் கேள்வி கேட்டுக் கடிதம் எழுதலாயினர். ஆட்ரிக்கு ஓர் ஊர் தேவைப்பட்டது. ஆங்கிலிக்கன் சபையில் 'சோடோர் மற்றும் மான்' என்று ஒரு மறைமாவட்டம் உண்டு. மான் என்னும் தீவு உண்டு. சோடோர் என்று ஒரு தீவு இல்லை. ஆயர் இருக்கிறார், தீவைத்தான் காணோம்! அந்த இல்லாத தீவையே ஆட்ரி தம் எஞ்சின்களுக்கு இருப்பிடமாக்கினார். மறைமாவட்ட மாத இதழில் எழுதும் நமக்கு இச்செய்தி தனி இனிப்பு. பிறகு அத்தீவின் ஒரு கிளைப் பாதையைத் தம் கையாலேயே மேசைமேல் அமைத்து, கண்காட்சிகளுக்கு எடுத்துச் சென்று, பிள்ளைகள் முன்னால் ஓட்டிக் காட்டினார்.

அவருடைய நண்பர் டெடி பாஸ்டன். லெஸ்டர்ஷயரில் கேட்பி என்னும் சிற்றூரின் குரு. ஆட்ரி மெலிந்தவர்; இவர் பருத்தவர். இருவரும் சேர்ந்து இரயில் பார்க்கப் புறப்பட்டுவிடுவர். 1967-இல் வந்த ஆட்ரியின் புத்தகம் ஒன்றில் 'மெலிந்த குரு', 'பருத்த குரு' என்று இருவருமே பாத்திரங்களாக வருகின்றனர். பாஸ்டனுக்கு மேசை இரயில் போதவில்லை. கொட்டகையில் மாதிரி இரயில் வைத்திருந்ததோடு, 1963-இல் பங்கு இல்லத்துத் தோட்டத்திலேயே இரண்டடி அகலப் பாதை போட்டு, 'பிக்ஸி' என்ற மெய்யான நீராவி எஞ்சினையும் ஓட்டினார். அவர் 1986-இல் மறைந்த பிறகும் மனைவியார் அதை நிறுத்திவிடவில்லை. 2005 வரை அது ஓடியது.

மூன்றாமவர் பீட்டர் டெனி. இவரே நம் உள்ளத்தைக் கவர்ந்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொடங்கி ஆயுள் முழுவதும் ஒரே ஒரு மாதிரி இரயில் பாதையைக் கட்டியும் இடித்தும் திருத்தியும் வந்தார். பக்கிங்காம் என்னும் ஊருக்கு, மெய்யில் இல்லாத ஒரு பாதையை, நூறாண்டுக்கு முந்திய தோற்றத்தில் அமைத்தார். அதில் இரயில் வட்டமாகச் சுற்றுவதில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் ஆள். ஒரு நிலையத்தார் மணியடித்து, "வண்டி வருகிறது, வாங்கிக்கொள்கிறீரா?" என்று கேட்பார். மறு நிலையத்தார் மணியடித்து ஒப்புக்கொண்ட பிறகே கைகாட்டி இறங்கும், வண்டி புறப்படும். கால அட்டவணைப்படி அத்தனையும் நடக்கும். ஒரு நிலையத்தை அவருடைய மகன் கிறிஸ்பின் பார்த்துக்கொண்டான். மகன் வளர்ந்து பள்ளிக்கும் படிப்புக்கும் போய்விட, அந்த நாற்காலி காலியாயிற்று. தந்தை என்ன செய்தார் தெரியுமா? மணியோசையைக் கேட்டு, பதில் மணியடித்து, உரிய வண்டியை அனுப்பும் இயந்திரம் ஒன்றைத் தாமே செய்து அங்கே வைத்தார். அதற்கு 'தானியங்கிக் கிறிஸ்பின்' என்று பெயரிட்டார். மகன் போய்விட்ட வீட்டில், அவன் பெயரைத் தாங்கிய ஒரு பொறி மணியடித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது! பிள்ளையை விடுதியிலோ வெளிநாட்டிலோ விட்டுவிட்டு, அவன் அறையை அப்படியே துடைத்து வைத்திருக்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு இதைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

ஆண்கள் பேசுவதற்கு நடுவே ஒரு பொருள் வேண்டும் போலும். பெண்கள் எதிரெதிரே அமர்ந்து முகம் பார்த்துப் பேசிவிடுகின்றனர். ஆண்களை அவ்வாறு அமர்த்தினால் வானிலையும் அரசியலும் தீர்ந்தவுடன் வாய் மூடிக்கொள்கிறது. அருகருகே நிறுத்தி, கையில் ஒரு திருப்புளியைக் கொடுத்து, கண்ணுக்கு ஒரு பழுதைக் காட்டினால் நா அவிழ்கிறது. ஆஸ்திரேலியாவில் 1990-கள் முதல் ஓய்வு பெற்ற ஆண்களுக்கென்று பட்டறைக் கொட்டகைகள் தோன்றி, இன்று நூற்றுக்கணக்கில் பெருகியிருப்பது இதை அறிந்துதான். முகத்துக்கு முகம் பேசாதவன் தோளோடு தோள் நின்றால் பேசுவான் என்பது அவர்களுடைய கொள்கை.

இது பொழுதுபோக்கான செய்தி மட்டுமன்று. பிரிட்டிஷ் அரசு 2018-ஆம் ஆண்டு ஜனவரியில், தனிமைத் துயரைக் கவனிப்பதற்கென்றே ஓர் அமைச்சரைப் பொறுப்பாக்கியது. நாள் கணக்கில் ஒருவரோடும் ஒரு வார்த்தையும் பேசாத முதியோர் அந்நாட்டில் அத்துணைப் பேர் இருக்கின்றனர். மனைவியை இழந்து, வேலையும் ஓய்ந்த ஒருவர், வார மாலையில் ஒரு சிறு பெட்டியில் எஞ்சினை வைத்துக்கொண்டு சங்கத்துக்கு வருகிறார். அவரை யாரும், "துக்கம் ஆறிற்றா?" என்று கேட்பதில்லை. "அந்த எஞ்சின் இன்னும் வளைவில் தடம் புரள்கிறதா?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கையில், சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், "வீட்டில் சாயங்காலம்தான் கஷ்டமாயிருக்கிறது" என்று ஒரு வார்த்தை வந்துவிடும். பக்கத்தில் நிற்பவரும் நிமிராமல், "ஞாயிறு மதியம் எங்கள் வீட்டுக்கு வாருமேன்" என்பார். அடுத்த வாக்கியம் மீண்டும் சக்கரத்தைப் பற்றியதாயிருக்கும்.

சங்கத்தார் ஒருவர் மறைந்தால் ஏனையோர்க்கு ஒரு கடமை உண்டு. பரணிலும் படுக்கையறையிலும் அடுக்கியிருக்கும் நூற்றுக்கணக்கான பெட்டிகளை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும் மனைவியாரிடம், வியாபாரி ஒருவன் வந்து சொற்ப விலைக்கு வாரிக்கொண்டு போவதற்கு முன், நண்பர் இருவர் போய் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பெயரெழுதி, நியாய விலை குறிக்கின்றனர். முன்சொன்ன வேடிக்கையில் உள்ள அச்சத்துக்கு இதுவே மாற்று. பாதி செய்து முடியாத எஞ்சின் ஒன்று நிச்சயம் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்பவர் முடித்துக்கொடுப்பார். ஆனால் மறைந்தவர் பூசியிருந்த வண்ணத்தை மாற்றமாட்டார்.

பாதை முழுவதையும் காப்பாற்றுவதுதான் கடினம். மேசையோடும் சுவரோடும் இழைந்து கட்டிய அதை வெட்டாமல் எடுக்க இயலாது. பெரும்பாலானவை குப்பைக்கே போகின்றன. தப்பியவை சில. 'மேடர் பள்ளத்தாக்கு' என்ற பாதையைக் கட்டிய ஜான் அஹெர்ன் 1961-இல் மறைந்தபின், அது பெண்டன் என்ற காட்சியகத்தில் இடம் பெற்றது. ஆக்ஸ்போர்டுக்கு அருகேயுள்ள இக்காட்சியகத்தைத் தொடங்கியவர் ராய் இங்கிலாண்ட் என்ற ஆஸ்திரேலியர். பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாய் மறைவதைக் கண்டு மனம் பொறாமல், அவற்றை உள்ளங்கை அளவில் செய்துவைக்கத் தொடங்கினார். இன்றும் அங்கே தொண்டர்கள் ஒரு சிறு வீட்டுக்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், உழைக்கின்றனர்.

டெனி 2009-இல் காலமானார். அவருடைய பாதையை நன்கறிந்த ஒருவர் அதைத் தம் இல்லத்துக்குக் கொண்டு சென்று, பல பத்தாண்டுப் பழமையான கம்பிகளையும் இணைப்புகளையும் பொறுமையோடு சீர்செய்தார். நண்பர்கள் வந்து ஆளுக்கொரு நிலையத்தில் அமர்ந்தனர். ஒரு நிலையத்தில் மணி அடித்தது, மறு நிலையத்திலிருந்து பதில் மணி வந்தது, கைகாட்டி இறங்கிற்று, கால அட்டவணைப்படி வண்டி புறப்பட்டது.